வந்தாரை வாழவைத்த நாராயண பிள்ளை

விடியுமுன் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்களும், தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து உணவகங்களிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் உழைக்கும் இளைஞர்களும் நடப்பது ஒரே பாதையில்தான். அது மிகப் பழைய பாதை. அதில் முன்னே நடந்தவர்களுள் ஒருவர் நாராயண பிள்ளை.

பினாங்கில் வாழ்ந்து வந்த தமிழர் அவர். 1819ஆம் ஆண்டு மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூருக்குச் சென்றபோது, 'இண்டியானா' என்னும் கப்பலில் பிள்ளையும் உடன் சென்றார். முதலில் கருவூலத்தில் எழுத்தர் பணி. அரசாங்க ஊதியமே போதுமென்று அமைந்துவிடும் என்னைப் போன்றோரின் இயல்பு அவரிடம் இல்லை. புதிய ஊருக்கு வீடுகள் வேண்டும், வீடுகளுக்குச் செங்கல் வேண்டும் என்பதை உணர்ந்து தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை அமைத்தார். பினாங்கிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் என்னும் சிறப்பு அவருக்கே உரியது. பின்னர்த் துணி வணிகத்திலும் இறங்கிப் பெருங்கடை ஒன்றை நடத்தினார்.

1822ஆம் ஆண்டு அக்கடை தீக்கிரையாயிற்று. ஆங்கில வணிகர்களிடம் கடனுக்குப் பெற்றிருந்த சரக்குகள் சாம்பலாயின. உயர்ந்து நின்றவர் கடனாளியானார். அவ்வேளையில் ராஃபிள்ஸ் அவருக்கு உதவினார். வாணிகச் சதுக்கத்தில் நிலமும் கிடைத்தது. பிள்ளை மீண்டும் தலையெடுத்தார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த மக்களின் தலைவராக ஏற்கப்பெற்று, அவர்களின் வழக்குகளைத் தீர்த்து வைத்தார்.

அம்மக்களுக்கு ஓர் ஆலயம் எழுப்ப அவர் பல்லாண்டு முயன்றார். தெலுக் ஆயரில் முதலில் ஒதுக்கப்பட்ட இடத்தில் வழிபாட்டுக்குரிய நன்னீர் இல்லை. 1823இல் சௌத் பிரிட்ஜ் சாலையில் நிலம் கிடைத்தது. 1827இல் மரமும் அத்தாப்பும் கொண்டு மாரியம்மனுக்குக் கோயில் எழுந்தது. வேலை கிடைத்துத் தங்குமிடம் காணும் வரையில், புதிதாக வந்திறங்கியவர்களுக்கு அக்கோயிலே புகலிடமாயிற்று. 1973இல் அது சிங்கப்பூரின் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் பெருமையை மட்டும் நாம் எடுத்துக்கொள்கிறோம். கடனையும் கண்ணீரையும் விட்டுவிடுகிறோம். இத்தவறு எனக்கும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் ஆலய அன்னதான வரிசையில் முன்பின் அறியாத தொழிலாளர்கள் நிறைந்திருந்தனர். உள்ளூர் மக்களுக்கு இடமில்லையே என்று என் மனம் முணுமுணுத்தது. வீடு திரும்பும் வழியில்தான் நாராயண பிள்ளை நினைவுக்கு வந்தார். அவரும் ஓர் ஊருக்கு அந்நியராய்ச் சென்றவர், கடன்பட்டவர், பிறர் கைகொடுக்க எழுந்தவர். அவர் பெயரைப் போற்றிவிட்டு, அவரைப் போன்று வந்து நிற்பவரை வேற்றாளாய்ப் பார்ப்பது முறையாகுமா?

நம் குடும்பங்களிலும் இங்கு முதலில் வந்திறங்கிய ஒருவர் இருந்திருப்பார். அவருக்கு யாரோ ஒரு வேளைச் சோறும் படுக்க ஒரு திண்ணையும் கொடுத்திருப்பார்கள். நம் பிள்ளைகளுக்கு அக்கதையைச் சொல்லி வைப்போம். இவ்வாண்டுத் திருவிழாவில் பந்தியில் நம் அருகே அமரும் புதியவரிடம் எந்த ஊர் என்று அன்போடு கேட்போம். அன்னை மாரியம்மன் அருள் அனைவருக்கும் கிட்டுவதாக.