புனித கமில்லஸ்: நோயாளியின் உடலை மதித்தவர்



ஜூலை 14ஆம் நாள் நாம் நினைவுகூரும் புனித கமில்லஸ் தே லெல்லிஸ், 1550ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் புக்கியானிக்கோ ஊரில் பிறந்தார். ஆறரை அடி உயரம் கொண்டவர், படைவீரர், சூதாட்டத்துக்கு அடிமையானவர். காலில் ஏற்பட்ட ஆறாத புண்ணுக்காக உரோமையின் புனித யாக்கோபு மருத்துவமனைக்கு வந்து, அங்கேயே வேலையும் செய்தார். சூதாட்டத்தால் வெளியேற்றப்பட்டார்.

1575 பிப்ரவரி 2ஆம் நாள் மனம் மாறினார். கப்புச்சின் சபையில் சேர முயன்றார், காற்புண் தடையாயிற்று. மீண்டும் அதே மருத்துவமனைக்கு வந்து நோயாளிகளுக்குப் பணிபுரிந்தார். பின்னர் அதன் நிர்வாகியானார்.

அந்நாளில் கூலி ஊழியர்கள் பலர் நோயாளிகளை அலட்சியம் செய்தனர். உயிர் பிரியும் முன்னரே சிலர் அடக்கத்துக்குக் கொண்டு செல்லப்பட்டதும் உண்டு. எனவே மூச்சு நின்றதுபோல் தோன்றினாலும் உடனே முகத்தை மூடாமல், காத்திருந்து செபிக்குமாறு தம் தோழர்களைப் பணித்தார் கமில்லஸ். 1584இல் குருவானார். 1586இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அவரது சபையை அங்கீகரித்தார். அங்கியில் சிவப்புச் சிலுவை அதன் அடையாளமாயிற்று. நடக்க இயலாத நாள்களில் தவழ்ந்தே படுக்கை படுக்கையாகச் சென்றார். 1614இல் இறந்தார். 1886இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் அவரை நோயாளிகளின் பாதுகாவலராக அறிவித்தார்.

இன்று நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, புதுவையில் பத்துப் பெண்களில் நான்கு பேருக்கும் மேல் உடல் எடை மிகுந்தவர்கள். நம் முத்தியால்பேட்டைத் தெருக்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். எடை பார்க்கும்போது எழும் கேலிச் சிரிப்புக்கு அஞ்சி மருத்துவமனைக்கே போகாதவர்கள் உண்டு. அதற்குள் நோய் முற்றிவிடுகிறது. பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் இரத்த அழுத்தம் கூடுதலாகக் காட்டும். தாங்காத கட்டிலும் ஸ்ட்ரெச்சரும் ஆபத்தானவை. போதிய ஆள் இல்லாமல் தூக்கினால் நோயாளிக்கும் காயம், செவிலியருக்கும் முதுகு வலி. புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். எந்த வலிக்கும் எடைதான் காரணம் என்று சொல்லி அனுப்பினால் உண்மையான நோய் தப்பிவிடும்.

கமில்லஸ் தம் காலத்து வார்டில் நோயாளியைத் திட்டவில்லை, வார்டைத்தான் திருத்தினார். பருமனும் பல காரணங்களால் வரும் உடல்நிலையே. பாவத்தின் சம்பளம் அன்று. பெரிய கட்டில், சரியான பட்டை, மறைப்புத் திரை, மரியாதையான ஒரு சொல்: இவையும் இரக்கச் செயல்களே. நம் பங்கில் மருத்துவமனைப் பணி செய்வோரும், நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் நாமும் இதை மனத்தில் கொள்வோம். புனித கமில்லஸே, எங்களுக்காக மன்றாடும்.