குதிரையின் வலியை அறிந்தவர்

அன்னா சுவெல் 1820ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத் நகரில் பிறந்தார். 14ஆவது வயதில், பள்ளியிலிருந்து வீடு திரும்பும் வழியில் வழுக்கி விழுந்தார். கணுக்கால்களில் ஏற்பட்ட காயம் முழுமையாகக் குணமாகவில்லை. நெடுந்தூரம் நடக்க இயலாததால் குதிரை வண்டியே அவருக்குத் துணையானது.

வண்டியைத் தாமே ஓட்டிய அன்னா, குதிரைகளைக் கூர்ந்து கவனித்தார். குதிரையின் தலை எப்போதும் நிமிர்ந்திருப்பதே அழகு என்று அக்காலச் செல்வந்தர்கள் கருதினர். அதற்காகக் கடிவாளத்தோடு ஒரு வாரைப் பிணைத்து, தலையை மேலே இழுத்துக் கட்டினர். அதனால் குதிரைக்குக் கழுத்து வலித்தது, மூச்சுத் திணறியது. வலி பொறுக்காமல் உதைத்தால், அதை முரட்டுக் குதிரை எனக் கூறி அடித்தனர்.

அன்னா 1871ஆம் ஆண்டு நாவல் ஒன்றை எழுதத் தொடங்கினார். நோயினால் எழுத இயலாதபோது, அவர் சொல்லச் சொல்லத் தாயார் எழுதினார். 1877இல் ‘பிளாக் பியூட்டி’ வெளிவந்தது. குதிரையே கதை சொல்லும் அந்நாவலில், ஜிஞ்சர் என்னும் பெண்குதிரை தலையை இழுத்துக் கட்டும்போது உதைக்கிறது. அந்த வார் இல்லாத அன்பான வீட்டில் சாதுவாக உழைக்கிறது. தண்டிக்கும் முன் வலி எங்கே என்று பார்க்க வேண்டும் என்பதை வாசகர்கள் உணர்ந்தனர்.

அன்னா 1878இல் மறைந்தார். அந்த வாரின் பயன்பாடு குறைய அவரது நூல் பெரிதும் உதவியது.