பெயரை இழந்து மீட்ட பொறியியலாளர்

வீணையைச் செய்த தச்சனின் பெயரை வீணை கேட்போர் அறிவதில்லை. வாசித்தவரின் புகழே நிலைக்கும். ஆயின், இருபதாம் நூற்றாண்டிலே கருவி செய்த ஒருவரின் பெயரே அக்கருவிக்குப் பொதுப்பெயர்போல வழங்கலாயிற்று. அவரே அமெரிக்கப் பொறியியலாளர் றொபேட் மோக். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பலர் ‘மூக்’ என்பர். அவர் குடும்பத்தார் வழங்கிய ஒலிப்பு ‘மோக்’ என்பதே. அப்பெயரைத் தாம் செய்த கருவிகளிற் பொறிக்க இயலாதவராய் அவரே கால் நூற்றாண்டு வாழ நேர்ந்தது.

இன்று வீட்டிலே சிறு ஒலிப்பதிவறை அமைத்து, அதற்கெனச் சட்டத்திற் பொருத்தும் அனலொக் சிந்தசைசர் ஒன்றைத் தெரிய முற்படுவோர் முதலில் நோக்குவது அதன் முகப்பிலுள்ள பெயரையே. அத்தகையோர் மோக்கின் வரலாற்றை ஒருமுறை அறிந்துகொள்வது நன்று என்பது என் எண்ணம்.

மோக் 1934ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் நியூயோர்க் நகரிற் பிறந்தார். தாயார் அவரைப் பியானோவின் முன் அமர்த்தினார். பொறியியலாளரான தந்தையாரோ வீட்டுப் பட்டறையில் மின்கருவி வேலைகளைப் பழக்கினார். கை தொடாமலே, காற்றில் அசையும் கையால் இசை எழுப்பும் ‘தெரமின்’ என்னும் கருவியைப் பதினைந்தாம் வயதில் மோக் தாமே செய்துகொண்டார். பௌதிகமும் மின்பொறியியலும் கற்று, 1965இல் கோணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். படிப்புக் காலத்திலேயே தெரமின் உறுப்புகளைப் பொதியாக்கி விற்றுப் பொருளீட்டினார்.

1963இல் ஹேபேட் டொய்ச் என்னும் இசையாசிரியரைச் சந்தித்தமை அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. அடுத்த ஆண்டுக் கோடையில் இருவரும் ட்ரூமன்ஸ்பேக் என்னும் சிற்றூரில் ஒன்றாய் உழைத்தனர். சுருதி, நாதத்தின் நிறம், ஒலியின் அளவு ஆகிய மூன்றையும் மின்னழுத்தத்தினால் ஆளும் கருவி அங்கே பிறந்தது. ஒரு வோல்ற்று உயர்ந்தால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும் என்பது அதன் அடிப்படை விதி. விசைப்பலகை வேண்டும் என்றவர் டொய்ச். ஒலி எழுவதும் தணிவதும் நிலைப்பதும் ஓய்வதும் ஆகிய நான்கு நிலைகளை வகுத்துக் கேட்டவர் இசையமைப்பாளர் விளாடிமிர் உசாச்செவ்ஸ்கி. மோக்கின் மேதை, பிறர் வேண்டுவதைச் செவிமடுத்து அதனை மின்சுற்றாக மாற்றிக் கொடுத்ததிலேயே விளங்கிற்று என்று நான் கருதுகின்றேன். அதே காலத்தில் கலிபோர்னியாவிலே டொன் புக்லா என்பவரும் இவ்வகைக் கருவி செய்தார். பியானோவைப் போன்ற விசைப்பலகையை அவர் விலக்கினார். உலகம் பெரிதும் மோக்கின் வழியையே பின்பற்றிற்று.

திரான்சிஸ்டர்களை ஏணிப்படிபோல அடுக்கி அவர் அமைத்த ஒலிவடிகட்டிக்கு 1969இற் காப்புரிமை கிடைத்தது. ஆனால், ஒரு வோல்ற்றுக்கு ஒரு ஸ்தாயி என்னும் விதிக்கு அவர் உரிமை கோரவில்லை. ஆகவே பிற நிறுவனங்கள் பலவும் அதனைத் தழுவின. ஒருவர் செய்த பெட்டியையும் மற்றொருவர் செய்த பெட்டியையும் ஒரே சட்டத்திற் பொருத்தி இணைக்க இன்று முடிகிறதெனின், அதற்கு அவ்விதி பொதுச் சொத்தானதும் ஒரு காரணம்.

கருவிக்குப் பெரும் புகழ் ஈட்டியவர் வெண்டி கார்லொஸ். நியூயோர்க்கில் தம் வீட்டிலேயே ஒலிப்பதிவறை அமைத்து, பாஹின் இசையை அவர் மோக் கருவியில் வாசித்தார். ஒரே வேளையில் ஒரு சுரமே எழுப்ப வல்லது அக்கருவி. சுருதியும் அடிக்கடி நழுவும். ஆதலால் ஒவ்வோர் இழையாகப் பதிந்து, பின்னர் சேர்த்து முடித்தார். 1968இல் வெளிவந்த அவ்விசைத்தட்டு 10 இலட்சத்துக்கு மேல் விலைபோயிற்று. வீட்டறையிலிருந்தும் உலகை எட்டலாம் என்பதற்கு இது முன்னோடியான சான்று.

1970இல் வெளிவந்த ‘மினிமோக்’ எளிதிற் கொண்டுசெல்லத்தக்க கருவி. அதன் முதல் மாதிரியைப் பழைய உறுப்புகளைக் கொண்டு அமைத்தவர் மோக்கின் பட்டறைப் பொறியியலாளர் பில் ஹெம்சாத். ஆக, பெயர் தாங்கிய கருவியிலும் பிறர் கைவண்ணம் இருந்தது.

செய்யத் தெரிந்தவருக்கு விற்கத் தெரியவில்லை. கடன் பெருகவே 1971இல் நிறுவனம் பிறர் கைக்கு மாறிற்று. அதனுடன் பெயரும் போயிற்று. 1977இல் அவர் அங்கிருந்து விலகினார். அடுத்த ஆண்டு வட கரோலைனா மலைநாட்டில் குடியேறி, ‘பிக் பிரையர்’ என்ற பெயரிற் சிறு பட்டறை தொடங்கி, இளமையிற் செய்த தெரமினையே மீண்டும் செய்தார். மோக் என்னும் பெயர் பொறித்த கருவிகளில் மோக் இல்லை. மோக் செய்தவற்றில் அப்பெயர் இல்லை. 2002இலேதான் பெயர் அவரிடம் மீண்டது. அவ்வாண்டு வந்த ‘வொயேஜர்’ பின்னர் விசைப்பலகையின்றிச் சட்டத்திற் பொருத்தும் வடிவிலும் கிடைத்தது. மூளைக் கட்டியினால் 2005ஆம் ஆண்டு ஓகஸ்ட் 21ஆம் நாள், 71ஆம் வயதில் அவர் மறைந்தார்.

கருவி தெரிபவர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது யாது? முகப்புப் பெயர் ஒப்பந்தத்தினால் கைமாறும். கருவியின் குணமோ அவ்வாறு மாறாது. திருகுகள் கைக்கு எட்டுமாறு உள்ளனவா, சூடேறிய பின் சுருதி நிற்கிறதா, பிறர் கருவியின் மின்னழுத்தத்தை ஏற்குமா, வடிகட்டியை மெல்லத் திறக்கையில் ஒலி செவிக்கு உவப்பாகிறதா என்று பார்த்தல் வேண்டும். இவற்றுக்கு விடை கூறவல்லவை கையும் செவியுமே. மோக்கும் பெயரின்றிக் கழிந்த அவ்விருபத்தைந்து ஆண்டுகளையும் அவற்றை நம்பியே வாழ்ந்தார்.