ஊரும் பள்ளியும்

காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் 1912ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் நெ. து. சுந்தரவடிவேலு பிறந்தார். அவர் பெயரின் முன் நிற்கும் ‘நெ’ என்னும் எழுத்து அவ்வூரைக் குறிக்கும். சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்ற அவர், அரசுப் பணியில் சேர்ந்து, கல்வித் துறையில் படிப்படியாக உயர்ந்தார்.

1954ஆம் ஆண்டில் காமராசர் அன்றைய சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். அதே ஆண்டில் சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர் பொறுப்பை ஏற்றார். மாநிலத்தின் பள்ளிகள் அனைத்தையும் கண்காணிக்கும் பெரும்பொறுப்பு அது.

அக்காலத்தில் ஏழைப் பிள்ளைகள் பலர் பள்ளிக்கு வரவில்லை. சிலர் ஆடுமாடு மேய்த்தனர். சிலர் வயல்வேலைக்குச் சென்றனர். பள்ளிக்கு வந்த பிள்ளைகளுள்ளும் பலர் நண்பகலில் உண்ண உணவின்றி வாடினர். பள்ளிக்கு வருக என்று ஆணை பிறப்பிப்பது எளிது. பசித்த வயிற்றோடு பாடம் கேட்பது அரிது. பள்ளியிலேயே உணவு அளிக்கலாம் என்றால், அதற்குரிய பொருள் எங்கிருந்து வரும் என்ற வினா எழுந்தது.

அவ்வினாவிற்கான விடையை அவர்கள் ஊர்மக்களிடம் தேடினர். 1956ஆம் ஆண்டில், பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில், பகலுணவுத் திட்டத்தைக் காமராசர் தொடங்கி வைத்தார். தொடக்கத்தில் அது பொதுமக்களின் நன்கொடையாலேயே நடைபெற்றது. பொருள் உள்ளவர் பொருள் தந்தனர். அரிசியும் பருப்பும் காய்கறியும் தந்தவரும் உண்டு. அடுத்த ஆண்டு முதல் அரசும் உதவியது. செலவில் நூற்றுக்கு 60 பங்கை அரசு ஏற்றது. எஞ்சிய 40 பங்கை ஊர் ஏற்றது. இதனால் பள்ளி அரசுக்கு மட்டும் உரியது என்னும் எண்ணம் மாறி, நம் ஊர்ப் பள்ளி என்னும் உரிமையுணர்வு வளர்ந்தது.

இவ்வுணர்வை மேலும் வளர்க்கப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தப்பெற்றன. முதல் மாநாடு 1958ஆம் ஆண்டில் கடம்பத்தூரில் கூடியது. ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவை என்பதை ஆசிரியரும் ஊராரும் சேர்ந்து கணக்கிட்டனர். கட்டடம், கரும்பலகை, இருக்கை, குடிநீர் வசதி, ஏழை மாணவர்க்குச் சீருடை எனத் தேவைகள் பலவாக இருந்தன. இயன்றவர் இயன்றதை அளிக்க முன்வந்தனர். இயக்குநர் தம் அலுவலகத்திலேயே அமர்ந்து ஆணையிடுவதோடு நில்லாமல் ஊர்தோறும் சென்றார். மேலதிகாரி நேரில் வருவதைக் கண்ட ஆசிரியர்கள் ஊக்கம் பெற்றனர். பொதுமக்கள் நம்பிக்கை கொண்டனர். சிற்றூரில் தொடங்கிய இம்முயற்சி மாநிலம் முழுவதும் பரவியது.

1961ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. பின்னர் 1969 முதல் 1975 வரை அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார். 1993ஆம் ஆண்டில் மறைந்தார்.

இன்று இந்தியா முழுவதும் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் நண்பகலில் ஒன்றாக அமர்ந்து உண்கின்றனர். இதற்கு வழிகாட்டிய முன்முயற்சிகளுள் தமிழ்நாட்டின் பகலுணவுத் திட்டமும் ஒன்று. திட்டம் தீட்டுவதோடு நிருவாகம் முடிந்துவிடுவதில்லை. அதனைத் தம் பணியாகக் கருதி மக்களும் தோள் கொடுக்கும்போதே அது நிறைவு பெறுகிறது. சுந்தரவடிவேலுவின் பணி உணர்த்துவது இதுவே.

பயிற்சி
1. பகலுணவுச் செலவை அரசும் ஊரும் எவ்வாறு பகிர்ந்துகொண்டன?
2. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளால் விளைந்த பயன்கள் யாவை?
3. உங்கள் பள்ளிக்கு உள்ள தேவை ஒன்றைக் கூறி, அதனை நிறைவேற்ற யார் யார் உதவலாம் என ஐந்து தொடர்களில் எழுதுக.