காமராசரும் கதராடையும்

விருதுநகரில் 1903ஆம் ஆண்டு பிறந்த காமராசர், சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் விளங்கினார். கதர் வேட்டி, முழங்கையளவு சட்டை, தோளில் ஒரு துண்டு. இவையே அவர்தம் உடை. 1966இல் சோவியத்து நாட்டிற்குச் சென்றபோதும் வேட்டியையே உடுத்தினார். 1969இல் காங்கிரசுக் கூட்டத்திற்காக நம் பெங்களூருக்கு அவர் வந்ததும் உண்டு.

தம் தோற்றத்திற்குப் பொருள் செலவிடாத அவர், பிள்ளைகளின் தோற்றத்தைப் பற்றிப் பெரிதும் எண்ணினார். கந்தல் உடுத்த சிறுவன் புத்தாடை அணிந்தவன் அருகில் கூசி அமர்தல் கூடாதன்றோ? ஆகவே, ஊர்மக்களின் நன்கொடையும் பெற்று, ஏழை மாணவர்க்குச் சீருடை வழங்கச் செய்தார்.

1975 அக்டோபர் 2ஆம் நாள், சென்னையில் தாம் குடியிருந்த வாடகை வீட்டில் மறைந்தார். அவர் விட்டுச்சென்றவை சில கதராடைகளும் நூல்களும், ஏறத்தாழ 130 ரூபாயுமே.