டிராயிங் போர்டில் பிறந்த பைக்



ஒரு க்ரூஸர் பைக் தெருவில் வந்து நின்றால் போதும், நம்ம பசங்க சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். ஆனால் ஹார்லி-டேவிட்சன் என்ற பெயரில் அந்த ஹார்லி யார் என்று கேட்டால் பல பேர் முழிப்போம். அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. அவரும் நம்மைப் போல டிராயிங் போர்டு முன்னால் நின்றவர்தான்.

வில்லியம் ஹார்லி 1880 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள். 15 வயதிலேயே சைக்கிள் தொழிற்சாலையில் வேலை. பிறகு டிராஃப்ட்ஸ்மேன். 1901-ல் சைக்கிளில் பொருத்துவதற்கு ஒரு சின்ன எஞ்சினை வரைந்தார். நண்பர் ஆர்தர் டேவிட்சனோடு சேர்ந்து செய்தும் பார்த்தார். 116 சி.சி. எஞ்சின்! ஆனால் பெடல் மிதிக்காமல் மேடு ஏறவில்லை. விட்டார்களா? 405 சி.சி.யில் புது எஞ்சின், அதற்குத் தாங்கும் புது ஃபிரேம். ஒர்க்‌ஷாப் என்பது 10 அடிக்கு 15 அடி மரக் கொட்டகை.

1903-ல் ஹார்லி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மாணவர் விடுதியில் சாப்பாடு பரிமாறிச் சம்பாதித்துக்கொண்டே 1907-ல் மெக்கானிக்கல் பட்டம் வாங்கினார். வேலைக்குப் போன பிறகு படிப்பாவது, பட்டமாவது என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

அதே 1907-ல் கம்பெனி முறையாகப் பதிவானது. ஹார்லி தலைமைப் பொறியாளர். 1909-ல் 45 டிகிரி வி-ட்வின் எஞ்சின் வந்தது.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. அன்றைய ரோடெல்லாம் மண் ரோடு, பின் சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே கிடையாது. முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க் வைத்தார்கள். 1912-ல் சீட்டைத் தாங்கும் குழாய்க்குள்ளேயே ஸ்பிரிங் வந்தது. ஹேண்டில்பாரோ நீளமாகப் பின்னோக்கி வளைந்து, நிமிர்ந்து உட்கார்ந்தவரின் கைக்கே வந்து நின்றது. மனுஷன் வண்டிக்காக வளையவில்லை, வண்டிதான் மனுஷனுக்காக வளைந்தது!

என் அண்ணனின் க்ரூஸருக்கு ஹேண்டில்பார் மாற்றும்போது இதுதான் எனக்கு வழிகாட்டி. தூரப் பயணத்தில் அவருக்கு மணிக்கட்டு மரத்துப்போகும், தோள் வலிக்கும். கடையில் அழகு பார்த்து வாங்க வேண்டாம் என்றேன். முதலில் அவரை வண்டியில் நிமிர்ந்து உட்கார வைத்தேன். கண்ணை மூடி, முழங்கையை லேசாக மடக்கி, கையை இயல்பாக நீட்டச் சொன்னேன். கை நின்ற இடத்துக்கும் பழைய கிரிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை உயரம், அகலம், பின்வளைவு என்று மூன்றாக அளந்து வரைந்தேன். குழாயின் விட்டம் கிளாம்ப்புக்குப் பொருந்துதா என்றும் பார்த்துத்தான் வாங்கினோம்.

மாட்டியதோடு வேலை முடியாது. இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்க்கணும். பார் உயர்ந்தால் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடும். எஞ்சின் ஓடும்போது திருப்பினால் ஆக்ஸிலரேட்டர் தானாக ஏறவே கூடாது. டேங்கில் இடிக்கவும் கூடாது. இதில் அலட்சியம் காட்டினால் போவது உயிர்.

ஹார்லி 1943 செப்டம்பர் 18 அன்று மறைந்தார். கடைசிவரை தலைமைப் பொறியாளராகவே இருந்தார்.

தோழர்களே! டிப்ளமோதானே என்று யாராவது இளப்பமாகச் சொன்னால் அந்த டிராஃப்ட்ஸ்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். பென்சிலைக் கூர்மையாக்குங்கள். யாருக்காக வரைகிறோமோ, அந்த மனுஷனை முதலில் அளந்துகொள்ளுங்கள்!