சுரஞ்சன் தாஸ்: பயத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டவர்



நம்மில் பலருடைய பிள்ளைகள் பெங்களூருவில் வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போனவர்கள் சுரஞ்சன் தாஸ் சாலையில் ஆட்டோவில் போயிருக்கக்கூடும். பழைய மெட்ராஸ் சாலையையும் பழைய விமான நிலையச் சாலையையும் இணைக்கும் சாலை அது. அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

சுரஞ்சன் தாஸ் 1920-ல் பிறந்தவர். தந்தை சுதி ரஞ்சன் தாஸ் 1956 முதல் 1959 வரை இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்தார். மகனோ இரண்டாம் உலகப்போர் காலத்தில் விமானப்படையில் சேர்ந்தார். பிறகு இங்கிலாந்தில் சோதனை விமானிகளுக்கான பள்ளியில் பயிற்சி பெற்று, பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி ஆனார்.

சோதனை விமானியின் வேலை, இதுவரை யாரும் ஓட்டாத விமானத்தை முதல் முதலில் ஓட்டிப் பார்ப்பது. அது பறக்கும் என்று வரைபடமும் கணக்கும் சொல்லும். உண்மையிலேயே பறக்கிறதா என்று ஒருவர் ஏறி உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். இதைக் கேட்டவுடன், பயமே தெரியாதவர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பயமே இல்லாதவர் இந்த வேலைக்கு லாயக்கில்லை. எது கெட்டுப்போகலாம், கெட்டால் என்ன செய்வது என்ற கேள்விகளைத் தரையிலேயே கேட்டு முடிப்பவர்தான் இதற்குத் தேவை.

மாருத் என்ற எச்.எஃப்.-24 போர் விமானத்தின் கதையைப் பாருங்கள். அதை வடிவமைத்தவர் ஜெர்மனியின் குர்ட் டாங்க். அவரும் விமானம் ஓட்டத் தெரிந்தவர்தான். புதிய விமானத்தை நேராக வானத்தில் ஏற்றிவிடவில்லை. முதலில் அதே வடிவத்தில், அதே அளவில், எஞ்சின் இல்லாமல் மரத்தால் ஒரு கிளைடர் செய்தார்கள். 1959-ல் அதை டகோட்டா விமானத்தின் பின்னால் கட்டி இழுத்துப் போய், மேலே விட்டுவிட்டுப் பறக்கவைத்துப் பார்த்தார்கள். இப்படிப் பல தடவை. எஞ்சின் பொருத்திய விமானம் 1961 ஜூனில்தான் பறந்தது. ஓட்டியவர் தாஸ். 1964-ல் கிரண் என்ற பயிற்சி ஜெட் விமானத்தையும் அவரே முதலில் பறக்கவிட்டார்.

இந்தத் தொழிலில் முறை ஒன்றுதான். முதலில் ஓடுபாதையில் மெதுவாக ஓட்டம், பிறகு வேகமாக ஓட்டம், அதன் பிறகே பறத்தல். வேகத்தையும் உயரத்தையும் ஒவ்வொரு படியாகக் கூட்டுவார்கள். இறங்கியதும் நடந்ததை எழுதிவைப்பார்கள். ஒரு படியின் கணக்கு சரியாக வராமல் அடுத்த படிக்குப் போகமாட்டார்கள்.

விமானிகள் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்ப்பதற்கும் ஒரு கதை உண்டு. 1935-ல் அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் ஒன்று கிளம்பியவுடன் விழுந்தது. காற்றில் ஆடாமல் இருக்க வால்பகுதியில் போடும் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். ஓட்டியவர் அனுபவம் மிகுந்த சோதனை விமானி. அதற்குப் பிறகுதான், எவ்வளவு பழகியவராக இருந்தாலும் ஞாபகத்தை நம்பாமல் பட்டியலைப் பார்த்து ‘டிக்’ செய்யும் வழக்கம் வேரூன்றியது.  யார்மீதும் சந்தேகம் என்று அர்த்தமில்லை. மனிதன் மறப்பான் என்று ஒப்புக்கொள்வதுதான்.

இவ்வளவு தயாரிப்பும் ஆபத்தைக் குறைக்கும். முழுவதும் நீக்கிவிடாது. மாருத்துக்கு ஆரம்பம் முதலே எஞ்சின் பலம் போதவில்லை. அதைக் கூட்டுவதற்காக மாற்றி அமைத்த விமானத்தை 1970 ஜனவரி 10 அன்று தாஸ் சோதனைக்கு எடுத்தார். கிளம்பும்போதே விபத்து. அவர் உயிரிழந்தார். ஐம்பது வயதுகூட நிறையவில்லை. அடுத்த ஆண்டு, 1971 போரில், மாருத் விமானங்கள் ராஜஸ்தான் எல்லையில் நம் படைக்குத் துணையாகப் பறந்தன. அந்த விமானத்தை முதலில் ஓட்டிப் பார்த்தவர் அதைக் காண இல்லை.

ஆபத்து முழுவதும் நீங்காது என்பதால் தயாரிப்பு வீண் என்று ஆகிவிடாது. நம் குடியிருப்புக்கும் இது பொருந்தும். கரண்ட் போனால் லிஃப்ட் பக்கத்து மாடியில் நின்று கதவு திறக்கிறதா? தீயணைப்பு சிலிண்டரின் தேதி முடிந்துவிட்டதா? அதை எடுத்து அழுத்த நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? காவிரியிலும் கொள்ளிடத்திலும் தண்ணீர் ஏறும் நாட்களில், கீழ்த்தளத்து மோட்டாரை யார் நிறுத்துவது? இவற்றை ஒரு தாளில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு பேர் சேர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போடலாம். ஒரு மணி நேர வேலைதான். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.